தாசில்தார் விரதம் இருந்த பதினொரு நாள்

என்னிடம் பதினொரு நாள்காட்டித் தாள்கள் இருக்கின்றன. சுவரில் மாட்டித் தினம் ஒன்றாகக் கிழிக்கிற நாள்காட்டியின் தாள்கள். முன்பக்கம் கிழமை, நல்ல நேரம், ராகுகாலம். பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பட்டாணி அளவில். அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ஆண்டு விடுமுறையில் இருந்தேன். கிழித்த தாளை வீணாக்கக் கூடாது என்று தோன்றி, அன்றன்று நடந்ததை மணி போட்டுப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை.

தாள்களைப் பற்றி முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அத்தைக்கு அம்மை கண்டது வெள்ளிக்கிழமை என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். செவ்வாய்க்கிழமை. தாளில் இருக்கிறது. பூனை பதினைந்து நாள் பட்டினி கிடந்ததாகத் தெருவில் பேச்சு. மொத்தமே பதினொரு நாள்தான். பட்டினியைப் பற்றி வரிசைப்படி சொல்கிறேன்.

எங்கள் வீடு திருநகரில். அப்பாவுக்குத் திருமங்கலம் சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கருகிப்போகும் பம்புசெட் மோட்டார்கள் அங்கேதான் வரும். கோடையில் வேலை அதிகம். ஆனாலும் மதியம் சரியாக ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். ரேடியோவில் மணி அடிப்பதற்குள் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளை அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அப்பா. அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், ஊரே எந்தக் காளை யார் கைக்கும் அகப்படாமல் போனது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் வாசலில் இறங்கினாள். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் ஒரு பூனை.

“இனிமே அங்க போக மாட்டேன் அண்ணி” என்று அம்மாவிடம் சொன்னாள். ஏன் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பெட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அத்தையைப் பார்க்கவில்லை. அன்றோடு அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

சண்டை என்று சொல்ல முடியாது. ஒருவர்மேல் ஒருவர் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் கூடத்தில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தங்கையைச் சாப்பிடச் சொல்ல அப்பாவுக்கு நான் தேவைப்பட்டேன்.

“சோறு ஆறுதுன்னு சொல்லு.”

“சோறு ஆறுதாம் அத்தை.”

“பொறகு சாப்பிடுறேன்னு சொல்லு.”

“பொறகு சாப்பிடுமாம் அப்பா.”

“பொறகுன்னா எப்பன்னு கேளு.”

இப்படி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை. எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் இரண்டு பெரியவர்கள் என் வாயை நம்பி இருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா?

பூனைக்கு அத்தை வைத்த பெயர் தாசில்தார். சாம்பல் நிறம், வெள்ளைக் கழுத்து. வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்க்கும், எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் அளக்கும், ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போகும். அதனால் அந்தப் பெயர். காலையில் நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்து, சோற்றோடு பிசைந்து வைப்பாள் அத்தை. இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டால், “அதுக்கு உப்பு ஆகாதுடி” என்பாள். எங்களுக்குச் செய்யும் குழம்பில் இவ்வளவு அக்கறை அவள் காட்டியதில்லை.

அப்பாவுக்குப் பூனை என்றால் ஆகாது. அது ஒருமுறை அவருடைய செம்புக்கம்பிச் சுருளை உருட்டி விளையாடி, கூடம் முழுக்கச் சிக்கலாக்கி வைத்தது. அன்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு நாளைக்கு இத சாக்குல கட்டி, திருமங்கலம் தாண்டி விட்டுட்டு வந்துருவேன்.”

அத்தை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: “பெரிய சாக்கா எடுக்கச் சொல்லு. அதுலயே எனக்கும் எடம் வேணும்.”

நான் கடத்த வேண்டிய தேவையே இல்லாமல் போய்ச்சேர்ந்த வாக்கியங்கள் இவை இரண்டும்தான்.

அத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் அவளுடைய தோழி ஒருத்தி வேலையும் விடுதியில் இடமும் பார்த்து வைத்திருந்தாள். அத்தையின் பெட்டி நான்கு மாதமாக ஒரு ஸ்டூலின் மேலேயே இருந்தது. சேலையை அதிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். அலமாரியில் அம்மா ஒதுக்கிக்கொடுத்த தட்டு காலியாகவே கிடந்தது. எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பிடிக்காது. கேரம் விளையாடும்போது சிவப்புக் காயை முந்தானைக்குள் ஒளித்துவைத்து, கண்டுபிடித்தால் என்னையே திட்டுகிற ஓர் அத்தை வேறு யாருக்கு வாய்க்கும்? நான் போட்ட கணக்கு எளிமையானது. பூனை இருக்கும்வரை அத்தை இருப்பாள். பூனை போனால் போய்விடுவாள்.

முதல் தாள், செவ்வாய்க்கிழமை. “காலை 8.40. அத்தையின் கழுத்தில் நாலு கொப்புளம். நெற்றியில் ஒன்று.”

அம்மா உடனே வாசல் கேட்டில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். ஆத்தா வந்துவிட்டாள் என்று வீட்டில் அனைவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கக் கூடாது. கறி, மீன், முட்டை, கருவாடு எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. வெளியே சாப்பிட்டுவிட்டும் வரக் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான் சட்டம். டாக்டர் கொடுத்த மாத்திரைகளையும் வேப்பிலையையும் அம்மா ஒரே தட்டில் வைத்து அத்தையின் தலைமாட்டில் வைத்தாள். யாருக்கும் குறை வைக்காதவள்.

எனக்குப் போன வருடமே அம்மை வந்து போய்விட்டதால், அத்தையின் அறைக்குள் போய்வர எனக்கு அனுமதி உண்டு. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும் தாசில்தாருக்கு இல்லை. கதவு சாத்தப்பட்டது.

“9.10. பூனை அத்தை கதவுக்கு முன்னால் உட்கார்ந்தது. 9.25. கதவைப் பிறாண்டியது. 9.40. கதவுக்குக் கீழே முன்காலை விட்டுத் துழாவியது. 11.00. அத்தையின் செருப்பின் மேல் படுத்துத் தூங்கியது.”

புதன்கிழமையும் இதேதான். கூடுதலாக ஒன்று. பக்கத்துச் சந்தில் இருந்த மதில்மேல் ஏறி, அத்தையின் ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை. பூனைகளைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். வளர்த்தவர் படுத்துவிட்டால் சில பூனைகள் காலடியை விட்டு நகராது, சில ஒளிந்துகொள்ளும், சில தீனியை ஒதுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நோயின் வாடையை அவை அறியும் என்பார் சிலர். அன்றாட ஒழுங்கு மாறினதைத்தான் அறியும் என்பார் சிலர். எங்கள் பூனைக்கு இரண்டும் பொருந்தும். நெத்திலி நின்றது என்பதும் ஓர் ஒழுங்கு மாற்றம்தானே.

அம்மா தயிர்ச்சோறு வைத்தாள். தாசில்தார் மோந்து பார்த்தது. பிறகு தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பிறாண்டி, இல்லாத மண்ணைத் தள்ளி அந்தச் சோற்றை மூடப் பார்த்தது. மறுநாள் காலையிலும் அப்படியே. அதன் பிறகு, வியாழக்கிழமை பத்து மணிக்கு மதிலில் ஏறியது, அந்தப் பக்கம் குதித்தது, காணாமல் போனது.

அன்று அத்தைக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தாள். நான் உள்ளே போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“வந்துச்சாடி?”

“இல்ல அத்தை.”

மாலை வந்தது, பூனை வரவில்லை. “போயிருக்கும். அதுக்குத் தெரியும், இது நம்ம வீடு இல்லன்னு” என்றாள் அத்தை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. எனக்கு ஸ்டூல்மேல் இருந்த பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொள்வதுபோல் இருந்தது. கூடத்துக்கு வந்து அழுதேன். அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“மாலை 6.10. காயில் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லி அப்பா வெளியே போனார். 7.05. அப்பா வந்தார். கம்பி வாங்கவில்லை. 7.10. பூனை வந்தது.”

இந்த மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கை என்னுடையது. எழுதிவிட்டுப் பென்சிலைச் சீவி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஒரு புது ஒழுங்கு தொடங்கியது. தினமும் 12.40க்குப் பூனை கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருக்கோடிப் பக்கம் போகும். 1.15க்குத் திரும்பி வரும். அம்மா வைத்த சோற்றைத் திரும்பியும் பார்க்காது. பாலைக்கூடத் தொடாது. கேட்டை ஒட்டிய மாமரத்து நிழலில் முன்கால்களை மடித்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடும்.

அப்பாவின் ஒழுங்கும் மாறியது. ஒரு மணிக்கு வருகிறவர் 1.20க்கு வந்தார். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் சந்து வழியே பின்பக்கக் குழாயடிக்குப் போய், தலையோடு நான்கு வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு உள்ளே வந்தார். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல மத்தியானம் இவுக குளிச்சு நான் பாத்ததில்ல. ஆத்தா வந்த வீடுன்னு எம்புட்டு பயபக்தி பாருங்க” என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

எதிர்வீட்டு அக்கா சௌராஷ்டிரா குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, தெருவில் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். அவர்தான் பூனையைச் சுட்டிக்காட்டி, “அதப் பாருங்க, அந்த வாயில்லா ஜீவனும் வெரதம் இருக்கு” என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா தன் வீட்டுக்காரரிடம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவர் தெருக்கோடியில் இருந்த காலி மனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இருவரும் சிரித்தார்கள். பொருள் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறேன்.

விரதச் செய்தி மாலைக்குள் மூன்று தெருவுக்குப் பரவிவிட்டது. அம்மை கண்ட வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள். தாசில்தாரின் நெற்றியில் யாரோ கேட் கம்பிக்குள் கை நீட்டிக் குங்குமம் வைத்தார்கள். அது கண்ணைத் திறக்கவில்லை. தியானத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் மீசையை ஒருமுறையாவது யாராவது மோந்து பார்த்திருக்கலாம்.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு தொல்லை வந்தது. சனிக்கிழமை, ஐந்தாம் நாள், விரதச் செய்தி அத்தையின் காதுக்குப் போனது. கொண்டுபோனது நான்தான். அத்தை மகிழ்வாள் என்று நினைத்தேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“அஞ்சு நாளா ஒண்ணும் திங்கலையா? செத்துப்போகும்டி அது.”

“சாமிக்காக இருக்கு அத்தை.”

“பூனைக்கு ஏதுடி சாமி? அது திங்காம எனக்கு எறங்காது. எடுத்துட்டுப் போ.”

இளநீர் வேண்டாம், மாதுளை வேண்டாம், கூழ் வேண்டாம். உதடு வெடித்து, எழுந்து உட்காரவே தெம்பில்லாதவள் பிடிவாதத்துக்கு மட்டும் தெம்பு வைத்திருந்தாள். நான் கூடத்துக்கு வந்து, ஒரு முடிவுக்கு வந்து, திரும்பிப் போய்ப் பொய் சொன்னேன்.

“இப்ப சாப்பிட்டுருச்சு அத்தை. அரை இட்லி.”

“இட்லியா?” கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். “இட்லிய அது கல்லுன்னு நெனைக்கும். பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி.”

மதியம் அப்பா குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும் அம்மா முறையிட்டாள். “பூனை திங்கலைன்னு ஒங்க தங்கச்சியும் திங்க மாட்டேங்குது. நாளன்னிக்கு மொதத் தண்ணி ஊத்தணும். இந்த ஒடம்புல எப்பிடி ஊத்துறது?”

அப்பா சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் அன்று நான் பார்த்ததைப் பயபக்தி என்றுதான் எழுதியிருக்கிறேன். கொஞ்ச நேரம் மோரை வெறித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பூனை நல்லாத்தான் இருக்கு. போய்ச் சொல்லு.”

“சொன்னேன்ப்பா. நம்ப மாட்டேங்குது.”

“நம்பலைன்னா...” ஒரு வாய் சாப்பிட்டார். “காய்கறி வண்டிக்காரர்ட்ட குடுத்து எடை போட்டுப் பாரு. இன்னிக்கு ஒரு தடவ, நாலு நாள் செண்டு ஒரு தடவ. எழுதி வையி. எடை குறையலைன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தாள்களுக்கு வீட்டில் முதன்முறையாகக் கிடைத்த மரியாதை அது. சாயங்காலம் தள்ளுவண்டி வந்ததும் தாசில்தாரை மஞ்சப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்தேன். மறுதட்டில் படிக்கற்கள். வண்டிக்காரர் ஒரு வெங்காயத்தை வைத்து, எடுத்து, நுணுக்கமாக நிறுத்தார். மூன்று கிலோ நூறு கிராம். பை எடை கழித்து.

அந்த ஒரு எடையை வைத்துக்கொண்டு அத்தை சமாதானம் ஆகவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து இன்னொரு எடை வரப்போகிறது, அதைக் கேட்க உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லி அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் அரைக் கிண்ணமா, முழுக் கிண்ணமா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. இருந்தும் 12.45க்கு அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். கடைச் சாவியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். “சாவி அவர் இடுப்பில் தொங்கியது” என்று எழுதியிருக்கிறேன். கடையை எப்படித் திறந்து உள்ளே போனார் என்றோ, சாவி இல்லாமல் சனிக்கிழமை எப்படிப் பூட்டினார் என்றோ கேட்டு எழுதவில்லை. அன்றும் குளித்தார்.

திங்கட்கிழமை, ஏழாம் நாள், முதல் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த அண்டாவிலிருந்து அம்மா அத்தைக்குத் தண்ணீர் ஊற்றினாள். புதன்கிழமை இரண்டாம் தண்ணீர். அன்று சாயங்காலம் இரண்டாவது எடை. வண்டிக்காரர் முள்ளைப் பார்த்தார், கற்களை எண்ணினார், மறுபடி வைத்துப் பார்த்தார். மூன்று கிலோ ஐந்நூறு.

“பாப்பா, இத்தன நாளா இது வெரதமா இருக்கு?”

“ஆமாண்ணே.”

“எந்தக் கோயில் வெரதம்னு கேட்டுச் சொல்லு. நானும் இருக்கேன். எனக்கும் ஒடம்பு ஏறட்டும்.”

தெருவில் இதையும் அதிசயத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றும் தின்னாமல் நானூறு கிராம் ஏறுவது ஆத்தாவின் அருள் இல்லாமல் முடியுமா என்று அம்மா கேட்டாள். எதிர்வீட்டு அக்கா, “முடியவே முடியாது” என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

நான் ஓடிப்போய் அத்தையிடம் எடையைச் சொன்னேன். அவள் படுக்கையில் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“நானூறா கூடியிருக்கு?”

“ஆமா. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாரு.”

“இது எங்கெங்க போகுது, எப்ப வருதுன்னு எழுதியிருக்கியாடி?”

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்றேன் பெருமையாக. பூனை, காய்கறி வண்டி, தபால்காரர், அப்பா, மின்வெட்டு, எல்லாம். ஒன்பது தாள்களையும் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். வியாழக்கிழமைத் தாளில் வெகுநேரம் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் சாவியைப் படித்துவிட்டு முகத்தை வேப்பிலைக் கொத்தால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து விலக்கிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்திருந்தது. அம்மைப் புண்ணில் கண்ணீர் பட்டால் எரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் துடைத்துவிட்டேன்.

பென்சிலைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் “1.15. பூனை வந்தது” என்ற இடத்தையும், அதற்கு அடுத்த வரியில் “1.20. அப்பா வந்தார்” என்ற இடத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டாள். என் தாளில் கிறுக்கியதில் எனக்குக் கோபம்.

“எதுக்கு அத்தை?”

“சும்மாடி. அழகா எழுதியிருக்க. போயி கஞ்சி கொண்டா. பெரிய கிண்ணம்.”

எடை என்பது எவ்வளவு பெரிய மருந்து என்று அன்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, பதினோராம் நாள், மூன்றாம் தண்ணீர். காலை பத்து மணிக்கு ஊற்றியாயிற்று. அம்மா கேட்டிலிருந்த வேப்பிலையை எடுத்தாள். பதினொரு நாளுக்குப் பிறகு அத்தை வாசலுக்கு வந்து வெயிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டு நின்றாள். நான் இந்த நிமிடத்துக்காகவே புதிய பென்சில் சீவி வைத்திருந்தேன். செருப்பின்மேல் படுத்து ஏங்கிய பூனை, ஜன்னலைப் பார்த்துத் தவம் கிடந்த பூனை, அத்தையைக் கண்டதும் என்ன செய்யும்?

மாமரத்தடியிலிருந்து வந்தது. அத்தையின் பாதத்தை மோந்தது. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாடை பிடிக்கவில்லை போலும். தலையைப் பின்னுக்கு இழுத்தது. அவளை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒன்றும் சொல்லவில்லை. மணி 12.40. கேட்டுக்கு அடியில் நுழைந்து, வாலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியை நோக்கி நடந்துவிட்டது.

“நன்றி கெட்டது!” என்று கத்தினேன். அத்தையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அத்தை கூந்தலை அள்ளி முடிந்தாள். “வாடி, எங்க போகுதுன்னு பாப்போம்.”

மெதுவாகத்தான் நடக்க முடிந்தது அவளால். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வீடு தாண்டினால் கருவேல மரங்கள் வளர்ந்த காலி மனை. அங்கே நிழலில் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் டிபன் டப்பாவின் மூடி. மூடியில் நெத்திலி. நெத்திலிமேல் தாசில்தாரின் தலை.

“மெதுவாத் தின்னு. ஒன்ன ஒருத்தரும் வெரட்டல” என்று அப்பா பூனையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னிக்கு மூணாந் தண்ணி. வெளிய வந்துருவா. தின்னுட்டு நேரா போயி அவ மடியில ஏறி உக்காரு, என்ன? ஊரச் சுத்தப் போயிராத. ஒன்னைய நம்பித்தான் அவ இங்க இருக்கா.”

எனக்கு உலகமே தலைகீழானது. ஆத்தா வந்த வீட்டின் மனிதர் கையில் கருவாடு! ஒரு வாரமாக நான் மணி தவறாமல் குறித்துவைத்த விரதம் முழுவதும் பொய்! வாயைத் திறக்கப்போனேன். அத்தை என் தோளை அழுத்தினாள்.

“அண்ணே” என்றாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

“கருவாட்ட ஊறப்போட்டுத்தான குடுக்குற? அதுக்கு உப்பு ஆகாது.”

பூனையைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்: “கடைக்குப் போனதும் மொத வேலையே அதான்த்தா. மூணு தண்ணி மாத்தி பிழிஞ்சு வெச்சிருவேன்.”

“மூணு தண்ணின்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நீ செய்யிறதப் பாத்திருக்கேன்ல.”

தாசில்தார் மூடியை நக்கி முடித்துவிட்டு, அப்பாவின் காலில் ஒருமுறை, அத்தையின் சேலையில் ஒருமுறை உரசிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தது. நான் அதற்குமேல் பொறுக்க முடியாமல், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்றும், இதை அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன்.

“அம்மாட்ட சொல்லிராத” என்றார்கள் அப்பாவும் அத்தையும், ஒரே மூச்சில்.

நான் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அப்பாவின் சட்டையைத் தினமும் துவைக்கிறவள் அம்மா என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் கோபம் மாலைவரை தீரவில்லை. பதினோராவது தாள் கைக்கு வந்தபோதும் இருந்தது. எழுத்து அழுத்தமாகப் பதிந்து, முன்பக்கத்து ராகுகாலத்தில் தடம் தெரிகிறது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பத்து வயதுக்காரியை உலுக்கிக் கேட்கத் தோன்றும். நான்கு மாதம் இரண்டு பக்கமும் சொல் சுமந்த எனக்கு, அன்று மாலை ஒருவரும் ஒரு வேலையும் தரவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்தத் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

“12.40. பூனை அத்தையை மதிக்கவில்லை. 12.55. காலி மனையில் அப்பாவும் அத்தையும் கருவாட்டை ஊறப்போடுவது பற்றிப் பேசினார்கள். 1.20. அப்பா குளிக்கவில்லை. 5.30. அப்பா ஸ்டூலில் ஏறி அத்தையின் காலிப் பெட்டியைப் பரண்மேல் வைத்தார். ஸ்டூலில் பூனை படுத்துக்கொண்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.”